கைப்பிடி சுற்றிய காலம்

பெரியம்மாவின் பிஸ்கற் ரின்னில், பொத்தான்களுக்கும் கறள் பிடித்த ஊசிகளுக்கும் அடியில் கிடந்தது அது. நிக்கல் பூசிய சின்ன உறுப்பு. ஒரு பக்கம் கவையாகப் பிளந்த கை, நடுவில் ஒரு திருகாணி. கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய நீல உருக்குத் தகடுகள். மேல் தகட்டின் நுனியில் வரிசையாகப் பற்கள். ஓரத்தில் ‘சிமான்கோ’ என்ற பொறிப்பு. சிங்கர் கொம்பனி தன் உதிரிப்பாகங்களில் அடித்த சுருக்கப் பெயர் அது. ஆக, வீட்டுச் சிங்கர் கைமெசினோடு வந்த சாமான்தான். எந்த இடத்தில் பூட்டுவது, எதற்கு?

சந்தியில் தையற்கடை வைத்திருப்பவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உது எங்கடை காலத்துச் சாமான் இல்லை அண்ணை” என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் பழகியது கால்மெசினும் கரண்டில் ஓடுவதும்.

எங்களுடையது அம்மப்பா மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு திரும்பும்போது கொண்டுவந்தது. வளைந்த மரமூடி, தங்க நிறப் பூவேலை, உள்ளே நீண்ட குண்டு வடிவ ஷட்டில். இலக்கம் ஆங்கில ‘வை’ எழுத்தில் தொடங்குகிறது. 1920களிலும் 30களின் முற்பாதியிலும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் செய்த மெசின்களின் வரிசை அது. அந்த ஆலையின் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தை 1963இல் இடித்தார்கள். 1980இல் ஆலையையே மூடினார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர். 

துப்புத் தந்தது கவைதான். அதன் உட்புறம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. ஏதோ ஒன்றோடு மேலும் கீழும் ஓயாமல் உரசியிருக்கிறது. மெசினில் அப்படி ஏறி இறங்குவது ஊசித் தண்டு. அழுத்தும் பாதத்தைக் கழற்றி அந்த இடத்தில் இதைப் பூட்டினேன். கவை, ஊசியை இறுக்கும் திருகாணியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய சீத்தைத் துண்டொன்றை இரண்டு நீலத் தகடுகளுக்கும் நடுவே விட்டு, இன்னொரு துண்டை அடியில் வைத்து, கைப்பிடியை மெல்லச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு மூன்று தையல். ஊசி ஏறும்போதும் இறங்கும்போதும் கவை அசைந்தது. பல்லுத் தகடு துணியைக் கொஞ்சம் முன்னே தள்ளியது. தள்ளிய மடிப்பின்மேல் ஊசி இறங்கியது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு கொசுவம். பிறில்!

பிறில் என்றதும் பெரியம்மாவின் விறாந்தை எழும்பி வந்தது. கைமெசினில் வலக்கை சுற்றும், இடக்கை துணி பிடிக்கும். சாதாரணத் தையலுக்கு அது போதும். பிறிலுக்குத் துணி இரண்டு. மேல் துணியைத் தகடுகளுக்கிடையே நேராக ஊட்ட வேண்டும், கீழ்த் துணியும் விலகக்கூடாது. இரண்டு கையும் துணியிலே வேண்டும். அப்போதுதான் “தம்பி, ஓடி வா ராசா” என்று என்னைக் கூப்பிடுவா. நான் கைப்பிடியைச் சுற்றுவேன். “மெல்ல, மெல்ல... நிப்பாட்டு... ம், இப்ப சுத்து.” எண்ணெய் வாசமும் புதுச் சீத்தையின் கஞ்சி வாசமும் கலந்து வரும். தங்கச்சிமாரின் சட்டை, தொட்டில் பிள்ளைக்குத் தொப்பி, தலையணை உறை என்று பிறில் இல்லாமல் எதுவும் அவவின் மெசினை விட்டு இறங்கியதில்லை.

பிறகு கூப்பிடுவது நின்றுபோனது. நான் வளர்ந்துவிட்டேன், அதனால்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உண்மையில் பிறில் நின்றிருக்கிறது. ஒரு யார் பிறிலுக்குக் குறைந்தது ஒன்றரை யார் துணி வேண்டும். நிறைவாகத் தைத்தால் இரண்டு யார். 1970களின் முற்பாதியில் இறக்குமதியை இறுக்கி, துணிக்கும் வரிசையில் நிற்கவேண்டி வந்தபோது பெரியம்மா முதலில் கைவிட்டது இதைத்தான் இருக்கவேண்டும். அதற்குப் பின் அவ தைத்தவை எல்லாம் நேர்த்தையல்.

மெசின் நிற்கவில்லை. போரால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. கைமெசினுக்கு அது தேவைப்படவுமில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, அது சைக்கிள் கரியரில் கயிற்றுக்கட்டோடு போனது. மரமூடியையும் லாச்சியிலிருந்த மற்றச் சாமான்களையும் விட்டுவிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது லாச்சி வெறுமை. கரை மடிக்கும் உறுப்பு, பட்டி பிடிக்கும் உறுப்பு எல்லாம் போய்விட்டன. இது மட்டும் ரின்னுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கப் பெரியம்மா இல்லை.

கொழும்பிலிருக்கும் மச்சாளிடம் அவ தைத்த தலையணை உறை ஒன்று உண்டு. அதன் ஓரத்தை உற்றுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கையால் நூலோடி இழுத்திருந்தால் கொசுவம் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி நிற்கும். தையலுக்கு ஒன்றாகச் சீராக இருந்தால், அதன் கைப்பிடியைச் சுற்றியது நானாகவும் இருக்கலாம்.