இறக்குமதிச் சரக்கு

பதின்மூன்று வருஷங்களுக்கு முன் நண்பன் ஒருவனின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அப்போது எனக்கு வயது 24. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். எலியட்டையும், ஆங்கிலம் வழியாகக் கிடைத்த கிழக்கு ஐரோப்பியக் கவிஞர்களையும் படித்திருந்தேன். படித்தவற்றை எதிலாவது அடையாளம் கண்டு சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. தொகுப்பில் வரிகள் வெட்டுப்பட்டு நின்ற விதம், சொன்ன சொல்லே கொஞ்சம் மாறித் திரும்ப வரும் விதம் எல்லாவற்றுக்கும் ஊர் சொன்னேன். இது போலந்து, இது செக் என்று. நேர்த்தியாக இருப்பவை இறக்குமதிச் சரக்கு, மட்டமானவை உள்ளூர்ப் போலி என்று முடித்தேன். அந்த வரி நம் வட்டத்தில் ரசிக்கப்பட்டது.

அவன் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு கவிதையும் எழுதவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வது ஒருவித அகங்காரம். காரணமே இல்லை என்று நினைத்துக்கொள்வது வசதி. இரண்டுக்கும் நடுவில் காலம் கழிந்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் தினம் போய்வருகிறேன். தாம்பரம் வரை படிக்கலாம். அதற்குமேல் கூட்டம் கையை மடக்கிவிடும். இப்படிப் படித்தவற்றில் ஒன்று அரிக்கமேடு பற்றி மார்ட்டிமர் வீலர் எழுதிய அறிக்கை. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த வீலர், 1945இல் பாண்டிச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோண்டினார். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றை ஆம்ஃபோரா என்கிறார்கள். இத்தாலியில் செய்த, குயவனின் முத்திரை குத்திய சிவப்பு அரெட்டைன் ஓடுகளும் கிடைத்தன. அரெட்டைன் எப்போது செய்யப்பட்டது என்பது இத்தாலியில் தெரிந்த விஷயம். எனவே அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதுவரை தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான ஒரு தேதி இருக்கவில்லை. வீலரின் சாதனை சின்னதல்ல.

அதே குழியில் இன்னொரு வகை ஓடும் ஏராளமாகக் கிடைத்தது. சாம்பலும் கறுப்புமான, வழவழப்பான, மெல்லிய தட்டு. உள்பக்கம் அடியில் பொடிப்பொடியான பதிவுகள் வட்டம் வட்டமாக ஓடும். ரௌலெட்டட் என்று அதற்குப் பெயர். இப்படிப் பதிவிடும் வழக்கம் இந்தியக் குயவருக்குரியதல்ல, மத்தியதரைக் கடல் பக்கம் உண்டு என்பது வீலரின் வாதம். ஆகவே நேர்த்தியான தட்டுகள் அங்கிருந்து வந்திருக்கலாம், மற்றவை இங்கே பார்த்துச் செய்தவை என்ற திசையில் அவர் யோசித்தார்.

கிண்டி வருவதற்குள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அது என் மதிப்புரை. எனக்கு அறுபது, எழுபது வருஷம் முந்தியே, என்னைவிட எவ்வளவோ படித்த ஒருவர், ஒரு தட்டைப் பற்றி எழுதியது.

பிறகு நடந்தது வீலரின் அறிக்கையில் இல்லை. 1980களில் விமலா பெக்லி அந்த ஓடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் புதிதாகத் தோண்டவும் செய்தார். ரௌலெட்டட் தட்டுகள் இந்தியாவில் செய்தவை என்பதும், ரோமானிய வியாபாரம் சூடுபிடிப்பதற்கு முன்பே இங்கே புழக்கத்தில் இருந்தவை என்பதும் அவர் ஆய்வில் தெளிவாயின. பாலித் தீவின் செம்பிரானிலும் இதே தட்டு கிடைத்தது. ஓடுகளின் மண்ணைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தபோது செம்பிரான், அரிக்கமேடு, இலங்கையின் அநுராதபுரம் மூன்றிலும் மண் ஒரே இனமாக இருந்தது. 1990களில் நடந்த எக்ஸ்ரே சோதனைகள் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சுட்டின.

ஆக, வீலர் உருவத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார். பின்னால் வந்தவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். பதிவிடும் உத்தியை மேற்கிலிருந்து வந்த எதையோ பார்த்துக் கற்றிருக்கக்கூடும் என்பதைப் பெக்லியும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் உத்தி வந்த ஊர் வேறு, பாண்டம் பிறந்த ஊர் வேறு. தமிழில் ‘பாதிப்பு’ என்று நாம் எழுதித் தள்ளிய பக்கங்களில் எத்தனை இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்கின்றன என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் வேறொரு கூட்டம் கை தட்டும் என்பது எனக்குத் தெரியும். எல்லாம் நம்முடையதே, வெள்ளைக்காரன்தான் மறைத்துவிட்டான் என்ற கூட்டம். அவர்களுக்கு அந்தத் தட்டு உதவாது. சோதனை சுட்டும் மண் கங்கையின் முகத்துவாரத்து மண்; அரிக்கமேட்டுக்கு அதுவும் கப்பலில் வந்த சரக்குதான், வந்த திசைதான் வேறு. தவிர, அரெட்டைன் இத்தாலியதாகவேதான் இருக்கிறது. அதை எந்தச் சோதனையும் நமக்கு வாங்கித் தரவில்லை. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. இந்தியாவில் ரோமானிய ஆம்ஃபோரா என்று எண்ணிவந்த ஓடுகளில் பல உண்மையில் மெஸப்பொட்டேமியச் சாடிகள் என்று 2007இல் ரோபெர்ட்டா டோம்பர் காட்டினார். அவற்றின் உட்புறம் கசியாமலிருக்கப் பூசிய நிலக்கீல் கறுப்பாக ஒட்டியிருக்கும். வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து ஆம்ஃபோராவிலோ எரிமலை மணலின் கரும்பொடி மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கும். ரோம் என்ற பெயர் நமக்குப் பிடித்திருந்தது. பாரசீக வளைகுடா அவ்வளவு பிடிக்கவில்லை. அகநானூற்றில் 149ஆம் பாட்டு முசிறிக்கு வரும் யவனர் கலத்தைச் சொல்கிறது. உடைந்த சாடி எதைப் பார்த்தாலும் அந்தக் கலத்தில் ஏற்றிவிடும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதும் ஒரு வகையில் அதைப் படிக்காமலிருப்பதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கமே இதற்கு இடம் உண்டு. பாலாறு கடலில் சேரும் இடத்தருகே வசவசமுத்திரம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970இல் அங்கே தோண்டியபோது ஆம்ஃபோராவும் ரௌலெட்டட்டும் உறைகிணறுகளும் கிடைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் மாறிமாறிப் போய்வந்தேன். பார்க்க ஒன்றுமில்லை. வெயில் இருந்தது. திரும்பி வரும்போது வேறொன்று உறைத்தது. எங்கள் பக்கத்து ஸ்டேஷன் மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயர் கொண்ட அந்த ஊரில்தான், 2022இல் உற்பத்தி நிற்கும்வரை, ஃபோர்டு கார்கள் செய்தார்கள். அமெரிக்காவுக்கே இங்கிருந்து கப்பலேறின. இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்த மண்ணில் ஒரு பெயர்த் தகட்டைத் தோண்டி எடுப்பவர் என்ன எழுதுவார்? ‘நேர்த்தியானவை இறக்குமதி’ என்றுதான் எழுதுவார். ஷிப்ட் முடிந்து ரயிலில் என் தோளில் தூங்கி விழுந்தவர்களைப் பற்றி அந்தத் தகட்டில் ஒன்றும் இருக்காது.

வங்கியில் நான் கேஷ் கவுண்டரிலும் இருந்திருக்கிறேன். ஒரு நோட்டைக் கள்ளநோட்டு என்று சொல்வதற்கு முன் தடவிப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், நூலிழையைப் பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் முத்திரை குத்தலாம். குத்தினால், கொண்டுவந்தவருக்குக் கையெழுத்துப் போட்டு ரசீது தரவேண்டும். 500 ரூபாய்க்கு இவ்வளவு சிரத்தை காட்டுகிற நான் 41 கவிதைகளை எந்த வெளிச்சத்திலும் தூக்கிப் பார்க்கவில்லை. ரசீதும் தரவில்லை.

போன மாதம் அந்தத் தொகுப்பை மீண்டும் எடுத்தேன். மூன்று நான்கு கவிதைகள் இப்போதும் அரெட்டைன்தான். வேறொருவர் முத்திரை அவற்றின் அடியில் தெரிகிறது. அதை மாற்றிச் சொல்ல நான் தயாரில்லை. மற்றவை அப்படியல்ல. ரயில்வே கேட்டில் காத்து நிற்பது பற்றி ஒரு கவிதை. வரி நின்று, சொன்னதையே மறுபடி சொல்லி, கொஞ்சம் ஏறி, மறுபடி நிற்கிறது. போலந்து என்று நான் எழுதிய கவிதை அது. அவன் அப்பா ஊரில் ஏலச்சீட்டு நடத்தியவர். கல்லூரி நாட்களில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் ஏலம் கூறுவதை நானே கேட்டிருக்கிறேன். ஒரு தரம் என்று சொல்லி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் யாருக்கு அவசரத்தேவை என்பது கூட்டத்துக்கே தெரிந்துவிடும். பிறகு ரெண்டு தரம். கவிதையின் மூச்சு அது. வரியை வெட்டலாம் என்ற துணிச்சலை அவன் மொழிபெயர்ப்புகளிலிருந்து பெற்றிருக்கலாம். வெட்டிய இடம் திண்ணையிலிருந்து வந்தது. நான் இரண்டையும் அறிந்தவன். அறிந்தும் ஒன்றைத்தான் பார்த்தேன், ஏனென்றால் மற்றதற்குப் பல்கலைக்கழகத்தில் மார்க் கிடையாது.

அவன் இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். எங்காவது ரயிலில் பார்த்தால் தலையசைப்போம். சென்ற வாரம் தாம்பரத்தில் பக்கத்தில் வந்து நின்றான். அரிக்கமேட்டையும் தட்டையும் மண்ணையும் சொல்லி, என் மதிப்புரை தவறு என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, மன்னிப்புப் போலத் தொனிக்காமலிருக்க, மூன்று நான்கு கவிதைகள் நீங்கலாக என்று சேர்த்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

“அந்தத் தட்டுல என்ன போட்டு சாப்பிட்டாங்க?” என்று கேட்டான்.

நான் படித்த பக்கங்களை மனதில் புரட்டிப் பார்த்தேன். விளிம்பின் வளைவு, பதிவின் வரிசை, மண்ணின் கலவை எல்லாம் வந்தன.

“அதப் பாக்கலையா நீ?” என்றான். கூடுவாஞ்சேரி வந்தது. இறங்கிப் போனான்.