கோபுரத்துக்குப் பின்னால் ஒரு பழைய கோர்ட்டு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். பதினொரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு செல்ஃபி, வடபத்ரசாயி தரிசனம், ஆண்டாள் சந்நிதி, மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு, கடைசியாக அரை கிலோ பால்கோவா. அப்புறம் பஸ் ஸ்டாண்ட். மதியம் நடை சாத்திவிட்டால், மறுபடி திறக்கும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் போய்ப் பார்க்கத் தோதான இடம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் மகால்.

மதுரையில் பார்த்தது போன்ற பிரமாண்டம் இங்கே கிடையாது. அளவில் சின்னது. ஆனால் பருத்த தூண்களும் வளைவுகளும் சுதை வேலையும் அதே கை என்று சொல்லிவிடும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு ஆண்டாள்மீது தனி ஈடுபாடு. இங்கே உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி வந்த பிறகுதான் மதுரையில் அவர் சாப்பிட உட்காருவாராம். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணி தொங்கவிட்டார்கள். ஒரு மணி ஓசை கேட்டு அடுத்த மணி அடிக்க, எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பது இந்தப் பக்கத்துக் கதை. வாட்ஸ்அப்புக்கு முந்தைய ஃபார்வேர்ட்!

மன்னர் போனார், அரண்மனை என்ன ஆயிற்று? கோர்ட்டு ஆயிற்று. நாயக்கர் தங்கிய கூடத்தில் நீதிபதிகளின் மேஜைகள் வந்தன. வாய்க்கால் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் வந்தவர்கள் அந்த வளைவுகளின் கீழ் தங்கள் பெயர் கூப்பிடப்படும்வரை காத்திருந்தார்கள். மதுரை மகாலுக்கும் இதே கதைதான். 1970 வரை அங்கே ஜில்லா கோர்ட்டு நடந்தது. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லாமல் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இந்த ஊருக்கும் கோர்ட்டுக்கும் உள்ள பந்தம் அப்படி.

அரண்மனைக்குள் கோர்ட்டு நடத்துவதா என்று கோபப்படத் தோன்றும். ஆனால் கூரை ஒழுகினால் புகார் செய்ய அங்கே ஆள் இருந்தது. தினமும் ஒருவர் பெருக்கினார், ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். தடுப்புச் சுவரும் மின்சார வயரும் கட்டடத்தைக் காயப்படுத்தின என்பதும் உண்மை. இப்போது மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பழைய கட்டடங்களுக்கு வரும் இன்னொரு ஆபத்து, நல்ல மனதோடு செய்யும் ரிப்பேர். அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சிமென்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து அரைத்துப் பூசத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. வீட்டில் தாத்தா காலத்துச் சுவர் இருப்பவர்கள், கொத்தனாரைக் கூப்பிடும் முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஊருக்குள் இன்னும் ஒரு பழைய இடம், பென்னிங்டன் நூலகம். 1875-ல் தொடங்கியது. சென்னை கன்னிமாரா நூலகத்தைவிட மூத்தது! அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயர்தான் நூலகத்துக்கு. ஊர் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது, 1985-ல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. ஜில்லா மாறியும் கலெக்டர் பெயர் மாறவில்லை.

அங்கிருந்து பஸ் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ராஜபாளையம். மேற்கே மலை கூடவே வரும். இங்கே வானளாவிய கோபுரம் கிடையாது; தெருக்களைத்தான் பார்க்க வேண்டும். சிங்கராஜா கோட்டை, சக்கராஜா கோட்டை என்று பெயர்கள் இருக்கும், மதிலும் அகழியும் இருக்காது. ஆந்திராவிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் குடியிருப்புகளுக்கு அப்படிப் பெயர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ஊர்க் கூட்டத்துக்கும் விசேஷத்துக்கும் சாவடிகள். திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடுகள் சில தெருக்களில் இன்னும் நிற்கின்றன. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பும்போது அவை வருடத்துக்கு வருடம் குட்டையாகத் தெரிகின்றன.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு விதி. பூ.ச.குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர். குடியரசு வந்ததும் முதலமைச்சர். கோபுரச் சின்னம் அரசு முத்திரையாக வரையப்பட்டதும் அதே 1949-ல்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றே ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவோ மதுரை மேற்குக் கோபுரத்தைக் கை காட்டியிருக்கிறார். இந்த ஊர் டீக்கடையில் மட்டும் அதைச் சொல்லிவிட வேண்டாம்.

1952 தேர்தலில் குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலேயே தோற்றார். பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்தார். 1957-ல் காலமானார். முதலமைச்சராக இருந்தவரின் வீடு வாரிசுகளுக்குப் போகும், இல்லாவிட்டால் சிலையோடு நினைவில்லம் ஆகும். இவரோ தம் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்கு நூலகம் வந்தது, கச்சேரி வந்தது, ஊர் வந்தது.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்க்கலாம். காலையில் ஆண்டாள், வெயில் ஏறியதும் மகால், பிறகு நூலகம், சாயங்காலம் ராஜபாளையம். பால்கோவாவை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ள முடியாது; பஸ் ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும்.