காதல் தெய்வங்களும் அழுதிருக்கின்றன

காதலுக்கு ஒரு பெண் தெய்வம் இருக்கிறது என்றால் எங்கள் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிள்ளை வரம் தரும் தெய்வம், நோய் தீர்க்கும் தெய்வம், மழை தரும் தெய்வம் என்றால் சரி. காதலுக்கும் ஒரு தெய்வமா? மாங்கேணியில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் பெண்கள் குழுவிலும் இந்தச் சிரிப்பைத்தான் கேட்டேன். அங்கு வருபவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள். சிலருக்கு, இழந்துவிட்டார்களா இல்லையா என்பதே தெரியாது. சமூகவியல் படித்த காலத்தில் நான் வாசித்த ஒரு கதையை அன்று அவர்களுக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

பழைய கிரேக்கர்கள் அப்ரோடைட்டி என்ற பெண் தெய்வத்தை வணங்கினார்கள். காதலுக்கும் அழகுக்கும் உரியவள். கடல் நுரையிலிருந்து பிறந்தவள் என்பது அவர்களின் நம்பிக்கை. சைப்பிரஸ் தீவின் பாபோஸ் என்ற ஊரில் அவளுக்குப் புகழ்பெற்ற கோயில் இருந்தது. கடலில் போகிறவர்களும் நல்ல பயணம் வேண்டி அவளைக் கும்பிட்டார்கள். "கடலில பிறந்த சாமியெண்டா எங்கட ஆக்களையும் காப்பாத்தியிருக்கலாமே மிஸ்" என்றார் ஓர் அம்மா. 2004 மார்கழியில் கடல் கொண்டுபோனவர்களை நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அந்தத் தெய்வமும் இழப்பைக் கண்டவள்தான். அவள் விரும்பிய அடோனிஸ் என்ற இளைஞன் வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுப்பன்றி தாக்கி இறந்துபோனான். தெய்வமாக இருந்தும் அவளால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் இந்தத் துக்கத்தை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்கள். உடைந்த சட்டிகளில் மண் நிரப்பி, விரைவில் முளைக்கும் விதைகளைத் தூவி, வீட்டுக் கூரைமேல் வைப்பார்கள். முளைத்தவை வாடியதும் அடோனிஸ் இறந்தான் என்று உரத்து அழுவார்கள். பிறகு அந்தப் பயிரை நீரில் விட்டுவிடுவார்கள். இது அரசோ கோயிலோ எடுத்த திருவிழா அல்ல. பெண்கள் தாங்களாகவே அயலவரைக் கூட்டி நடத்தியது.

கி.மு. 415 இல் ஏதென்ஸ் நகரத்து ஆண்கள் சிசிலித் தீவின்மீது படையெடுக்க ஆயத்தமானார்கள். அந்த நாட்களில்தான் இந்த அழுகை நகரத்தில் கேட்டது என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. 411 இல் மேடையேறிய அரிஸ்டோபனீஸின் நாடகம் ஒன்றிலும் இது வருகிறது. சபையில் ஓர் ஆண் படையனுப்பச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்க, அவருடைய மனைவி கூரைமேல் நின்று அடோனிஸுக்காக அழுதாள் என்று ஓர் அதிகாரி குறைப்படுகிறார். கி.மு. 413 இல் சிசிலிக்குப் போன படை அழிந்தது. போரை முடிவெடுத்தது யார், அதற்காக அழுதது யார் என்று குழுவில் கேட்டேன். பதில் சொல்ல ஒருவரும் யோசிக்கவில்லை.

தமிழிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். மன்மதனின் மனைவி இரதி. சிவனின் தவத்தைக் கலைக்கும்படி மன்மதனைத் தேவர்கள் அனுப்பினார்கள். நெற்றிக் கண்ணால் எரிந்து அவன் சாம்பலானான். தேவை தேவர்களுடையது, எரிந்தவன் இரதியின் கணவன். அவள் அழுது சிவனிடம் நியாயம் கேட்டாள். கடைசியில் அவன் உயிர் பெற்றான், ஆனால் உடல் இல்லாமல். அவள் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். 'அனங்கன்', அதாவது உடலற்றவன் என்ற பெயர் அவனுக்கு அதனால்தான் வந்தது. எமது மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இந்தக் கதைதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் காமன் பண்டிகையில் இரண்டு கட்சிகள் நின்று லாவணி பாடும். மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மற்றக் கட்சி.

இதைச் சொன்னபோது ஓர் அக்கா, "அந்த ரெண்டு கட்சியும் எங்கட வீட்டுக்குள்ளதான் இருக்கு மிஸ்" என்றார். அவருடைய கணவர் காணாமற்போனவர். இருக்கிறார் என்று மாமியார் சொல்கிறார். இல்லை, பதிவை முடித்துக்கொள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் தானே அவரைக் கொன்றது போலிருக்கும் என்று அவர் பல வருடங்கள் எடுக்காமல் இருந்தார். 'இறந்தார்' என்று எழுதாமல் 'காணவில்லை' என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 இல் வந்த சட்டத் திருத்தம் வழி செய்தது. அந்தக் கடதாசி காணிக்கும் வங்கிக்கும் உதவும். ஆனால் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கணவனோடு வாழ்வது எப்படி என்று எந்தக் கடதாசியும் சொல்லாது. 1990களில் எங்கள் மாவட்டத்து அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் பெண்கள் போய், "அவர் இருக்கிறாரா?" என்று வாக்குக் கேட்டார்கள். பத்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அலுவலகங்கள் பதில் சொல்லாத காலத்தில் அம்மனிடம்தான் கேட்க முடிந்தது.

காதல் தெய்வத்தைப் பெண்கள் கும்பிடுவது எமக்குப் புதிதும் அல்ல. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற் பத்திலே காமதேவனை நோக்கித்தான் நோன்பிருக்கிறாள். சிலப்பதிகாரத்தில், பிரிந்த கணவனை அடைய காமவேள் கோட்டத்தில் தொழும்படி கண்ணகிக்குத் தேவந்தி சொல்கிறாள். தேவந்தியும் கணவன் விட்டுப்போன பெண்தான். கண்ணகி அது எனக்குப் பெருமை அல்ல என்று மறுத்துவிடுகிறாள். மறுத்தவளைத்தான் நாங்கள் அம்மனாக வைத்திருக்கிறோம். அந்த வழியைச் சொன்ன தேவந்தியை ஒருவரும் நினைப்பதில்லை. எனக்கு இருவரும் வேண்டும். ஒருத்தி நீதி கேட்டாள். மற்றவள், துணை வேண்டும் என்று ஆசைப்படுவதில் வெட்கம் இல்லை என்று தோழிக்குச் சொன்னாள்.

வைகாசியில் எங்கள் மாவட்டத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கலியாணக்கால் நடுவோம். மதுரையை எரித்தவளின் வெப்பம் தணியக் குளிர்த்தி பாடுவோம். கணவன் கொலையுண்ட ஒருத்திக்கு வருடா வருடம் கலியாணக்கால் நடும் நாங்கள்தான், எங்கள் வீட்டுக் கலியாணத்தில் கணவனை இழந்த சகோதரியைப் பின்னுக்கு நிற்கச் சொல்கிறோம். அவள் மறுமணம் செய்ய நினைத்தால் ஊரெல்லாம் கதைக்கிறோம். அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற எங்களுக்கு, பக்கத்து வீட்டில் எரிகிறவளின் சூடு ஏன் தெரியவில்லை?

அப்ரோடைட்டியைக் கும்பிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் உரோமப் பேரரசு பழைய தெய்வ வழிபாடுகளைத் தடைசெய்தது. எனினும் கிரேக்கத்திலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சிலர் அவற்றை மீண்டும் கைக்கொண்டிருக்கிறார்கள். 2017 இல் கிரேக்க அரசு இந்தப் பழைய சமயத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. ரோசாப்பூவும் தேனும் கடற்சிப்பியும் வைத்து வீட்டிலேயே கும்பிடுகிறார்கள். தன் உடலை வெறுக்காமல் இருக்க இந்த வழிபாடு உதவுகிறது என்று அவர்களில் சில பெண்கள் சொல்கிறார்கள்.

அந்தத் தெய்வத்தை மாங்கேணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எமக்கு அம்மன் போதும். ஆனால் அந்தப் பெண்கள் செய்த ஒன்றை நாங்களும் செய்யலாம். தனித்தனியே தலையணையில் அழாமல் ஒன்றாகக் கூடி அழுதார்கள். காதலித்ததையும் இழந்ததையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எங்கள் குழுவில் இப்போது கணவனை நினைத்துப் பேசும்போது அவர் இறந்த நாளை மட்டும் பேசுவதில்லை. அவர் எப்படிச் சிரிப்பார், என்ன கறி கேட்பார், முதலில் எங்கே கண்டது என்றும் பேசுகிறார்கள். அப்போது வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் குடும்பத்தில் அடுத்து வரும் கலியாணத்தில் கணவனை இழந்த ஒருத்தியின் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுங்கள். நீங்களே அவராக இருந்தால், கேட்டு வாங்குங்கள். பூ வைக்க விருப்பமென்றால் வையுங்கள்.