ஊமையான உலாவி

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டோம். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்த பெரியவர் மிதியைக் கையால் சுற்ற, நான் செய்திகளைக் குறித்துக்கொள்வேன்.

அவர் இப்போது இல்லை. நான் முன்னர் ஒலிநாடாவில் பதிந்த அவரது பேட்டியை, வெளிநாட்டிலுள்ள மகன் இணையத்தில் ஏற்றியிருந்தார். ஆசையோடு திறந்தேன். பயர்பாக்ஸில் படம் அசைந்தது, சத்தம் இல்லை.

என்னுடையது பழைய மடிக்கணினி. அவசியமானவற்றை மட்டும் நிறுவிய டெபியன் லினக்ஸ். ஒலிபெருக்கி பழுதோ என அஞ்சினேன். முனையத்தில் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையை இட்டதும் இரைந்தது. 'அல்சாமிக்சர்' காட்டிய அளவுகளும் சரி. ஆக, கருவியும் அதை இயக்கும் அல்சாவும் நலம்.

மொசில்லா தளத்திலிருந்து இறக்கும் பயர்பாக்ஸ், 2017 மார்ச்சில் வெளியான 52ஆம் பதிப்பிலிருந்து அல்சாவோடு நேரே பேசுவதில்லை. பல்ஸ்ஓடியோ என்னும் இடையாளை எதிர்பார்க்கிறது. சிக்கனம் பார்த்து அதை நிறுவாமல் விட்டவன் நானே. (கஞ்சத்தனம் என்பாள் மனைவி.) இந்நாளில் அவ்வேலையைப் பைப்வயர் செய்கிறது. 'பைப்வயர்-பல்ஸ்', 'வயர்பிளம்பர்' பொதிகளை நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தேன்.

முதலில் ஓர் இருமல். பிறகு அவர் குரல்: "தம்பி, ரேப் ஓடுதோ?"