மைக் கூவும்போது

திருவிழாவில் மைக் என்ன பாடு படுத்தினாலும் நம் ஊரில் சொல்வது ஒன்றுதான்: "எக்கோ அடிக்குது." மூன்று வேறு சங்கதிகளை இப்படி ஒன்றாகக் கட்டிவைப்பது எனக்குப் பொறுக்காது. மூன்றையும் மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே கேட்கலாம்.

சிகிரியாவின் செங்குத்துப் பாறைக்கு எதிரே தள்ளி நின்று கை தட்டுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். பாறை 170 மீட்டர் தள்ளியிருந்தால் போய்த் திரும்ப ஒரு வினாடி. நாம் தட்டி ஓய்ந்த பிறகு, தனியாக இன்னொரு தட்டு வரும். அது எதிரொலி.

தம்புள்ளையின் மகாராஜ குகைக்குள் கதை வேறு. கூரையிலிருந்து சொட்டும் நீர் பாத்திரத்தில் விழும் சத்தம் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. பாறை பல பக்கமிருந்தும் திருப்பியனுப்பும் ஒலிகள் பிரித்தறிய முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மெல்லத் தேயும். இது எதிர்முழக்கம்.

இதை முதலில் அளந்து காட்டிய வாலஸ் சபைனை எனக்கு மிகவும் பிடிக்கும். 1895இல் ஹார்வர்டின் புதிய விரிவுரை மண்டபமொன்றில் பேச்சே விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை வினாடி வரை தங்கி, அடுத்த சொற்களை மூடியது. சரிசெய்யும் வேலை இந்த இளம் ஆசிரியர் தலையில் விழுந்தது. ஊர் அடங்கிய இரவுகளில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை காதைத் தீட்டி நேரம் குறிப்பார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. மனித உடலும் ஒலியை விழுங்கும் என்றும் கண்டார். வெறும் மண்டபத்தில் அதிரும் மைக், சனம் நிறைந்ததும் தெளிவது இதனால்தான்.

மைக் 'கூ'வென்று கூவுவது இந்த இரண்டிலும் சேராது. அதற்கு யாரும் வாய் திறக்கவே வேண்டாம். காற்றிலுள்ள சிறு இரைச்சலை மைக் வாங்குகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கர் வழியே விடுகிறது, அதையே மைக் மறுபடி வாங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்து ஒரே சுருதியில் ஊளையாகிறது.

தோட்டக் கோயிலொன்றில் ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் இதை அடக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆளில்லா மைக்கின் சத்தத்தை மெதுவாக ஏற்றி, வேண்டுமென்றே கூவவைத்தார். ஈக்குவலைசரில் அந்தச் சுருதிக்குரிய குமிழைத் தேடிப் பிடித்துக் கீழே இறக்கினார். கூவல் நின்றது. ஆனால் பாடுபவரின் குரலிலும் அந்த இடம் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால்தான் அவர் குமிழைத் தொடுவதற்கு முன்பே, ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்குக்கு முன்னால் தள்ளி, சனத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.