பதினாறு சின்ன முகங்கள்

அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாள் விழுந்தது. நகத்தளவு படங்களில் நானும் மூன்று தோழிகளும் பள்ளிச் சீருடையில்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் நாங்கள் இதை 'நியோபிரிண்ட்' என்போம். அது படமெடுத்து உடனே ஸ்டிக்கராக அச்சிட்டுத் தரும் எஸ்என்கே நிறுவன இயந்திரத்தின் பெயர். ஆனால் இதற்கெல்லாம் முன்னோடி, 1995 ஜூலையில் அட்லஸும் சேகாவும் ஜப்பானில் இறக்கிய 'பிரிண்ட் கிளப்'. அங்கே சுருக்கமாக 'புரிகுரா'. யோசனை அட்லஸில் வேலை பார்த்த சசாகி மிஹோ என்ற இளம்பெண்ணுடையது. பள்ளி மாணவிகள் ஸ்டிக்கர் சேர்ப்பதைக் கவனித்து, அதில் அவர்கள் முகத்தையே பதித்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். மேலிடம் முதலில் ஏற்கவில்லை.

சில வருடங்களிலேயே அது தைவான், ஹாங்காங், கொரியா, சிங்கப்பூர் என்று பரவியது. இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றிவிடலாம். பழக்கத்தை எப்படி ஏற்றுவது? இங்கே அந்தச் சிரமமே வரவில்லை. இயந்திரத்தின் திரைச்சீலைக்குள் நெருக்கியடித்து நிற்பதும், தாளைக் கத்தரித்துப் பங்கு போடுவதும், எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே. அந்த வியாபாரம் விற்றது படத்தை அல்ல, அந்தப் பங்கீட்டைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட யாருக்கும் கத்தரித்துக் கொடுத்ததில்லை.

தோழிகளே, உங்கள் பங்கு இன்னும் இருக்கிறதா? இருந்தால் படமெடுத்து இங்கே போடுங்கள்.