பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள்

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பனையும் தென்னையும் ஏறி முதுகு கெட்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என் சம்சாரத்தின் சொந்தக்காரர்கள் மூணாறு, தேவிகுளம் மலையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள். கீழே பாலக்காட்டு எல்லையானாலும் மேலே இடுக்கி எல்லையானாலும் நம் தமிழ்ச் சனத்திடம் ஒரே பேச்சுதான்: "வலியெல்லாம் பழகிடும், பொறுத்துக்கோ." 2015-இல் போனசுக்காக மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்கள் வாயில்லாதவர்கள் அல்ல. ஆனால் இடுப்பு வலி என்று வந்தால் அதே பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலி பழகாது. வலிக்குப் பழகிக்கொள்வது தண்டுவடம். அதுவும் நமக்கு ஆகாத விதத்தில்.

அக்கியைப் பாருங்கள். விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசை கட்டி எழும்பும். குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வது நம் வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிடும். ஆனால் வயதானவர்கள் சிலருக்கு அந்த இடத்தில் சட்டைத் துணி உரசினாலே மாதக்கணக்கில் எரியும். மேல்துண்டின் நுனி பட்டாலும் துடிப்பார்கள். புண்ணே இல்லையே, ஏன் இந்தப் பாசாங்கு என்று வீட்டில் கேட்பார்கள். பாசாங்கு இல்லை ஐயா. நரம்பு சேதப்பட்டிருக்கிறது, அதோடு தண்டுவடத்து அணுக்களும் மாறிப்போயிருக்கின்றன.

எப்படி மாறுகின்றன? தோலிலிருந்து வலியைச் சுமந்துவரும் மெல்லிய நரம்புகள் தண்டுவடத்தின் பின்பகுதியில் வந்து முடிகின்றன. அந்த முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் நரம்பு தன் சரக்கை வெளியே விடும். குளுட்டமேட் அதில் ஒன்று. கூடவே பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள். 1931-இல் ஆய்லரும் கேடமும் கண்டுபிடித்த 'சப்ஸ்டன்ஸ் பி' அப்படிப்பட்டது. வெறும் 11 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அது அடுத்த நரம்பணுவில் தன்னை வாங்கிக்கொள்ளும் இடமான ஏற்பியில் போய் ஒட்டியதும், அணு தனக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளிப்படுகிறது. குளுட்டமேட்டுக்கான வாசலும் திறந்து, வெளியிலிருந்தும் கால்சியம் பாய்கிறது. ஓய்வாக இருக்கும் அணுவுக்குள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே கொஞ்சம் ஏறினாலே அணுவுக்குள் பெரிய கலவரம். நொதிகள் கிளம்பி, இருக்கிற ஏற்பிகளைக் கூர்மையாக்குகின்றன. புதிய ஏற்பிகளையும் மேலே கொண்டுவந்து நிறுத்துகின்றன. தீராத வலியில் இது ஓயாமல் நடந்தால், தடவிக் கொடுப்பதுகூட வலியாகிவிடும்.

அப்படியானால் சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுத்தால் போதுமே என்று மருந்து செய்து பார்த்தார்கள். வலிக்கு அது உதவவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்தியை நிறுத்தத்தான் பயன்பட்டது. வலிக்கு வழி ஒன்றல்ல.

வலியை அடக்கும் பெப்டைடையும் உடம்பே வைத்திருக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்த என்கெஃபலின், ஐந்தே அமினோ அமிலம். எங்கள் மூலத்தறை அணையில் ஷட்டரை இறக்கினால் கால்வாயில் தண்ணீர் குறைகிற மாதிரி, இது நரம்பு முனையின் கால்சியம் வாசலைச் சாத்திவிடும், சரக்கு வெளிவராது. மார்ஃபின் போய் ஒட்டுவதும் இதே ஏற்பிகளில்தான். கூம்பு நத்தையின் விஷத்தைப் பார்த்துச் செய்த சிகோனோடைட் என்ற மருந்து, நேராகத் தண்டுவடத்தின் கால்சியம் வாசலையே அடைக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு; இந்தியக் கடல் நத்தைகளின் பெப்டைடுகளைப் பெங்களூரில் விஞ்ஞானிகள் பலராமும் கே. எஸ். கிருஷ்ணனும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

என் மனசுக்கு மிகவும் பிடித்தது 1978-இல் நடந்த சோதனை. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். வலிமருந்து என்று நம்பிய சிலருக்கு வலி குறைந்தது. மார்ஃபினை முறிக்கும் நாலோக்சோனைக் கொடுத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. ஆக, நம்பிக்கைகூட இந்த உள்சரக்கை வைத்துத்தான் வேலை செய்திருக்கிறது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேரளத்தில் இருக்கும் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். மார்ஃபின் என்றதும் போதை என்று பதறாதீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

அக்கி வந்தால் காவி எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்கிக்குக் காரணமான வைரஸை அடக்கும் மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. நர்ஸ் வந்தால், எங்கே வலிக்கிறது, எரிகிறதா குத்துகிறதா, ராத்திரி தூங்க விடுகிறதா, துணி பட்டால் வலிக்கிறதா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். மலையாளம் சரியாக வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். எல்லைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு நம் பேச்சு புரியும்.